எட்டுக் கண்ணும் ஒரு லென்ஸும்

குன்னூர்ப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ வீடு இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். மழை விட்ட ஓர் இரவில், எட்டு மணிக்கு மேல், வீட்டு முற்றத்துப் புல்தரை ஓரமாக நின்று டார்ச்சை இடுப்புயரத்தில் பிடித்துப் புல்லைப் பாருங்கள். ஈரம் மினுமினுக்கும், வேறொன்றும் தெரியாது. இப்போது அதே டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டை ஒட்டினாற்போல் உயர்த்திப் பிடியுங்கள். புல்லுக்குள் அங்கங்கே பச்சையும் நீலமும் கலந்த வெள்ளைப் புள்ளிகள் எரியத் தொடங்கும். தலையைச் சற்று ஆட்டினால் நீர்த்துளிகள் நிறம் மாறிச் சிமிட்டும். இந்தப் புள்ளிகளோ ஒரே நிறத்தில் நிலையாக நிற்கும், பிறகு சட்டென்று அணையும். வெளிச்சத்தை விலக்காமல் ஒரு புள்ளியை நோக்கியே நடந்து போய்க் குனிந்தால், அங்கே ஓர் ஓநாய்ச் சிலந்தி உட்கார்ந்திருக்கும்.

டார்ச்சை இரண்டடி உயர்த்தியதில் என்ன மாறியது? சிலந்தி அசையவில்லை, வெளிச்சமும் கூடவில்லை. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இரவில் பூச்சிகளையும் சிலந்திகளையும் நெருங்கிப் படம் பிடிக்கும் மேக்ரோ ஒளிப்படக் கலையின் நுட்பங்கள் பலவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். சிலந்தியின் கண்ணும் படம் எடுப்பவரின் லென்ஸும் இருட்டில் ஒரே நெருக்கடியில்தான் மாட்டிக்கொள்கின்றன. வெளிச்சம் போதாது. கிடைப்பதையெல்லாம் அள்ளிச் சேர்த்தால் காட்சி மழுங்குகிறது. காட்சி கூர்மையாக வேண்டுமென்றால் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த பேரத்தை ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு விதமாக முடித்திருக்கிறது.

ஓநாய்ச் சிலந்திக்கு எட்டுக் கண்கள். முகத்தின் கீழ்வரிசையில் சிறியவை நான்கு, அதற்கு மேலே பெரியவை இரண்டு, இன்னும் பின்னால் பக்கவாட்டில் இரண்டு. கீழ்வரிசையின் நடுவில் உள்ள இரண்டைத் தவிர மற்ற ஆறு கண்களிலும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. டேப்பீட்டம் என்பது அதன் அறிவியல் பெயர். ஒளித்திருப்பிப் படலம் என்று நாம் வைத்துக்கொள்வோம். குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்களால் ஆனது அது. மீன் செதில் வெள்ளியாகப் பளபளப்பதும் இதே குவானினால்தான். மாட்டுக்கும் பூனைக்கும் இரவில் கண் மின்னுவது இப்படியொரு படலம் இருப்பதால்தான், பொருள் மட்டும் வேறு.

இந்தப் படலம் எதற்கு? எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் ஒரு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பறித்துக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கைவேகம் இருந்தாலும் சில கொழுந்து தப்பிவிடும். அதே வரிசையில் திரும்பி வந்தால், விட்டுப்போனதில் ஒரு பங்கு கைக்குக் கிடைக்கும். விழித்திரையில் நடப்பதும் இதுதான். உள்ளே வரும் ஒளி விழித்திரையைக் கடக்கும்போது அங்குள்ள செல்கள் அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கின்றன. மிச்சத்தைப் படலம் திருப்பி அனுப்புகிறது, செல்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. இரண்டாம் முறையும் தப்பிய ஒளி லென்ஸ் வழியாகவே வெளியேறுகிறது. நாம் புல்லில் பார்த்த புள்ளி, சிலந்தி இருமுறை முயன்றும் பிடிக்க முடியாமல் விட்ட வெளிச்சம்.

அது வெளியேறும் பாதைதான் நம் கேள்விக்கு விடை. லென்ஸ் ஒளியை விழித்திரையில் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து திரும்பும் ஒளி அதே லென்ஸைக் கடக்கும்போது, வந்த வழியிலேயே போகும்படி வளைக்கப்படுகிறது. ஆகவே டார்ச்சிலிருந்து போன ஒளி டார்ச்சுக்கே திரும்புகிறது. இடுப்பில் டார்ச் இருந்தால் மின்னல் இடுப்புக்குத்தான் வரும், கண்ணுக்கு எட்டாது. நெற்றியில் கட்டும் விளக்கு சிலந்தி தேடுவோருக்கு அவ்வளவு உதவுவது இதனால்தான். நன்றாக எடுத்த மேக்ரோ படங்களில் சிலந்தியின் கண் மின்னாமல் கறுத்த மணியாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். அங்கே ஃபிளாஷ் லென்ஸுக்கு மேலே தள்ளி இருக்கிறது, திரும்பும் ஒளி லென்ஸுக்கு வருவதில்லை.

சில இரவுகளில் ஒரு புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடிப் பொடியைத் தூவியதுபோல் நூறு சிறு புள்ளிகள் தெரியும். அது தாய். ஓநாய்ச் சிலந்தி முட்டைப் பையை நூல் நூற்கும் உறுப்புகளில் ஒட்டிக்கொண்டே திரியும். குஞ்சு பொரித்ததும் அவையெல்லாம் அவள் முதுகில் ஏறிக்கொள்ளும். லென்ஸ் வழியாக நெருங்கிப் பார்த்தால் முதுகே தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கால் பின்னிய வெளிர் உடல்கள், ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சின்ன முகம், அந்த முகத்தில் எட்டுக் கண்கள். இவை விழாமல் இருப்பது எப்படி என்பதை 1973-இல் ஜெரோம் ரோவ்னரும் அவருடைய துணைவர்களும் கண்டு சொன்னார்கள். தாயின் வயிற்றுப்பகுதி முதுகில் நுனியில் குமிழ் வைத்த தனி ரோமங்கள் இருக்கின்றன. குஞ்சுகள் பற்றுவது அவற்றைத்தான். இந்தக் காட்சியைக் கண்டவர் யாரும் பிறகு சிலந்தியை விளக்குமாற்றால் அடிக்கக் கை ஓங்கமாட்டார் என்று நம்புகிறேன்.

திருப்பி அனுப்பும் படலத்துக்கு ஒரு விலை உண்டு. திரும்பி வரும் ஒளியில் கொஞ்சம் பக்கத்துச் செல்லுக்கும் சிதறும், காட்சியின் கூர்மை குறையும். பகலில் வேட்டையாடும் தாவும் சிலந்தி இந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. அதன் கண்ணில் படலமே கிடையாது. அதற்கு வெளிச்சம் தாராளம், வேண்டியது கூர்மை. இரவு தோட்டத்தில் டார்ச் அடித்து எவ்வளவு தேடினாலும் தாவும் சிலந்தியின் கண் மின்னாது.

பேரத்தின் மறுமுனையில் நிற்பது வலைவீசிச் சிலந்தி. டைனோபிஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. தபால்தலை அளவில் ஒரு வலையைப் பின்னி முன்கால்களில் பிடித்துக்கொண்டு, கீழே போகும் பூச்சிமேல் அதை விரித்துப் பிடிக்கும். இருட்டில் குறிபார்க்க வேண்டும், அதனால் அதன் இரண்டு கண்கள் முகத்தையே மறைக்கும் அளவுக்குப் பெரியவை. ஆஸ்திரேலியாவில் பிளெஸ்ட், லேண்ட் என்ற இருவர் 1977-இல் அந்தக் கண்ணை ஒரு கேமரா லென்ஸை அளப்பது மாதிரியே அளந்தார்கள். லென்ஸின் குவியத்தூரத்தை அதன் திறப்பின் அகலத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். எண் சிறுத்தால் வெளிச்சம் கூடும். கடையில் வாங்கும் நல்ல லென்ஸில் இது 1.8 அல்லது 1.4 இருக்கும். மனிதர் செய்த மிகப் பிரகாசமான லென்ஸ்களில் ஒன்று ஸைஸ் நிறுவனம் நாசாவுக்காகச் செய்தது, அதன் எண் 0.7. ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளியான 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தது அந்த லென்ஸை வைத்துத்தான். டைனோபிஸ் கண்ணின் எண் 0.58.

அது மட்டுமல்ல. அந்த விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் சவ்வை அந்தச் சிலந்தி அந்தி சாய்ந்ததும் புதிதாகச் செய்துகொள்கிறது, விடிந்ததும் அழித்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும். பிளெஸ்ட் 1978-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. பகலிலும் இரவிலும் வெவ்வேறு நேரங்களில் விழித்திரையை எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டுத்தான் இதை அறிந்தார். எனக்குத் தெரிந்த விலங்கியல் செய்திகளில் இதைவிட வியக்க வைத்தது குறைவு.

பூச்சிகளின் கூட்டுக்கண்ணிலும் இரவுக்கென்று ஒரு மாற்றம் நடக்கிறது, அதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பகலில் ரோஜாச் செடியில் இருக்கும் பச்சைக் கும்பிடுபூச்சியின் கண் பச்சை. அதே பூச்சியை இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள், கண் கரும்பழுப்பாக மாறியிருக்கும். வேறு பூச்சியோ என்று தோன்றும். கண்ணறைகளைச் சுற்றியிருக்கும் நிறமித் துகள்கள் இருட்டியதும் இடம் மாறுகின்றன. உள்ளே போகும் ஒளி கூடுகிறது, வெளியே திரும்புவது குறைகிறது, கண் கறுக்கிறது. இருட்டைப் பார்த்துத்தான் இது நடக்கிறதா? ஆசியக் கும்பிடுபூச்சிகளான ஹைரோடுலா இனத்தில் ஒன்றை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பகல் இரவு மாற்றமே இல்லாத சூழலில் வைத்தாலும் அதன் கண் நேரத்துக்கு நேரம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

அந்துப்பூச்சியின் கண் இன்னொரு வகை. தேனீயிலும் கும்பிடுபூச்சியிலும் ஒவ்வொரு கண்ணறையும் தன் வாசல் வழியாக வரும் ஒளியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சியில் நூற்றுக்கணக்கான வாசல்கள் சேர்ந்து ஒரே புள்ளிக்கு ஒளியை அனுப்புகின்றன. இதைக் கண்டுபிடித்தவர் வியன்னாவைச் சேர்ந்த சிக்மண்ட் எக்ஸ்னர். 1891-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு படம் இருக்கிறது. இதே வகைக் கண் கொண்ட மின்மினியின் கண்ணை எடுத்து, அதையே லென்ஸாக வைத்து, ஒரு ஜன்னலையும் அப்பால் இருந்த தேவாலயத்தையும் ஒளிப்படமாக எடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த எழுத்து தெரிகிறது. நம் கண்ணிலும் கேமராவிலும் பிம்பம் தலைகீழாக விழும், அந்தப் பிம்பம் நேராக இருந்தது. பூச்சிக்கு உலகம் எப்படி விழுகிறது என்பதற்கு எக்ஸ்னர் காட்டிய சாட்சி ஓர் ஒளிப்படம்.

இப்போது நம் லென்ஸுக்கு வருவோம். மேக்ரோ என்றால், பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் அதன் பிம்பம் கேமராவின் சென்சாரில் விழுவது. அதை ஒன்றுக்கு ஒன்று என்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் சிவப்புச் சிலந்தி என்று எல்லோரும் சொல்வது உண்மையில் சிலந்தி அல்ல, இலையைச் சாறுறிஞ்சிச் செம்பழுப்பாக்கும் ஓர் உண்ணி. அதன் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்றுக்கு ஒன்றில் அது ஒரு புள்ளி. ஐந்து மடங்கு பெரிதாக்கினால்தான் கால் எது முதுகு எது என்று பிரியும். ஓநாய்ச் சிலந்திக்கோ தேனீக்கோ ஒன்று முதல் இரண்டு மடங்கு போதும்.

பெரிதாக்கினால் முதலில் பறிபோவது ஆழம். படத்தில் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பதைத் தெளிவாழம் என்போம். தெருவில் நிற்கும் ஆளைப் படம் எடுக்கும்போது அது பல அடி இருக்கும். 36 மில்லிமீட்டர் அகல சென்சார் உள்ள கேமராவில், ஒன்றுக்கு ஒன்றில், எஃப் 11 வைத்தாலும் தெளிவாழம் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர்தான். இரண்டு மடங்காக்கினால் அரை மில்லிமீட்டர். சிலந்தியின் முன்கண் தெளிவாக இருந்தால் பின்கண் கலங்கிவிடும். மூச்சு விட்டாலே கை அதைவிட அதிகமாக நகரும்.

திறப்பைச் சுருக்கினால் ஆழம் கூடும், வெளிச்சம் குறையும். எஃப் 16-இல் வைத்த லென்ஸ், டைனோபிஸ் கண்ணோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 760-இல் ஒரு பங்கு பிரகாசத்தையே தரும். அந்தச் சிலந்திக்கு இந்தக் கவலை இல்லை. அதன் விழித்திரைச் செல்கள் பருமனானவை, அவற்றால் நுண்விவரம் எப்படியும் பிரியாது, சிறு கலங்கல் அதற்கு நஷ்டமில்லை. நாமோ காலின் ரோமம்வரை எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறோம்.

சரி, வெளிச்சத்தை எப்படியாவது கொண்டுவந்துவிடலாம், திறப்பை இன்னும் இன்னும் சுருக்கினால் என்ன? இந்த இடத்தில் ஒளியே குறுக்கே நிற்கிறது. ஒளி ஓர் அலை. குறுகிய வழியில் புகும் அலை விரிந்து பரவும். திறப்பு சிறிதாக ஆக, ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகப் பரவும். இதை விளிம்பு விளைவு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். மேக்ரோவில் லென்ஸ் சென்சாரைவிட்டு விலகிப் போவதால் இது இன்னும் மோசமாகிறது. ஒன்றுக்கு ஒன்றில் எஃப் 22 என்று வைத்தால் உண்மையில் எஃப் 44-இன் பலன்தான் கிடைக்கும், அப்போது ஒரு புள்ளியின் வட்டம் 0.06 மில்லிமீட்டர் அகலம். 24 மெகாபிக்சல் கேமராவில் அது பத்துப் பிக்சலை நிரப்பிவிடும். இது கண்ணாடியின் குறை அல்ல, எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் மாறாது. திறந்தால் ஆழம் போகிறது, மூடினால் கூர்மை போகிறது. எஃப் 8-க்கும் 16-க்கும் இடையில் எங்கோ ஒரு சமரசம் செய்துகொள்வதே வழக்கம்.

சமரசம் வேண்டாம் என்பவர்களுக்கு அடுக்குப் படம் என்ற வழி இருக்கிறது. குவியத்தைச் சிலந்தியின் முன்காலிலிருந்து வயிறுவரை சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் கணினி எடுத்துச் சேர்க்கும். உயிருள்ள பூச்சி அதற்குள் அசையக்கூடாது. இங்கேதான் இரவும் நீலகிரியின் குளிரும் கைகொடுக்கின்றன.

குளிர் இரத்தப் பிராணி என்ற பழைய சொல்வழக்கை மறந்துவிட்டு இப்படி நினையுங்கள்: பூச்சியின் தசை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைச் சுற்றியுள்ள வெப்பநிலை தீர்மானிக்கிறது. ஊட்டியில் மார்கழி இரவு உறைநிலையைத் தொட்டுவிடும். நீலவரித் தேனீ அந்த நேரத்தில் ஒரு காய்ந்த தண்டைத் தாடையால் கடித்துக்கொண்டு, கால்களை மடக்கி, தண்டுக்குக் குறுக்கே நீட்டியபடி தூங்கும். ஆண்கள் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் கடித்துக்கொண்டு தொங்குவதும் உண்டு. உணர்கொம்பு தளர்ந்து தொங்கும். தேனீக்கு இது வெறும் விறைப்பா, உண்மையான தூக்கமா என்பதை ஜெர்மானியரான வால்டர் கைசர் 1980-களில் ஆராய்ந்தார். தசைத் தளர்ச்சி, உடல் வெப்பம் குறைவது, எளிதில் எழாதது என்று தூக்கத்தின் அடையாளங்கள் எல்லாம் தேனீயில் இருந்தன.

பருந்து அந்துப்பூச்சி இதற்கு நேர்மாறு. குளிரில் அது பறக்க வேண்டுமென்றால் நெஞ்சுத் தசையை முதலில் சூடாக்க வேண்டும், சில இனங்களில் 38 டிகிரிவரை. அதற்காக உட்கார்ந்த இடத்திலேயே சிறகை மெல்ல அதிரவிடும். அந்த நடுக்கம் தொடங்கிவிட்டால் படம் எடுக்க மிச்சமிருப்பது சில நிமிடங்களே.

தூங்கும் சிலந்தியைப் பார்த்து வந்த ஒரு கண்டுபிடிப்பு இந்தக் கலைக்குப் பெருமை. கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியேலா ரோஸ்லர், கொரோனா காலத்தில் தாவும் சிலந்திகளைத் தன் வீட்டு ஜன்னலில் டப்பாக்களில் வைத்திருந்தார். இரவில் அவை ஒரு நூலில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தார். உருப்பெருக்கும் லென்ஸையும் இரவில் பார்க்கும் கேமராவையும் வைத்துப் பதிவு செய்தார். புதிதாகப் பொரித்த குஞ்சுகளின் உடல் ஒளி ஊடுருவக் கூடியது, கண்ணுக்குள் விழித்திரைக் குழல் அசைவது வெளியே தெரியும். தூங்கும்போது குறிப்பிட்ட இடைவெளியில் அந்தக் குழல்கள் அசைந்தன, கூடவே கால்கள் சுருண்டு துடித்தன. நாம் கனவு காணும்போது நடக்கும் கண்ணசைவுத் தூக்கத்தை இது ஒத்திருக்கிறது என்று 2022-இல் அவருடைய குழு அறிவித்தது. கனவு காண்கிறதா என்று சிலந்தியைக் கேட்க முடியாது. அந்தக் கேள்வியை எழுப்பவே ஒரு மேக்ரோ பதிவு தேவைப்பட்டது.

ஃபிளாஷ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரவு மேக்ரோவின் வெளிச்சம் முழுவதும் அதுதான். குறைந்த சக்தியில் வைத்தால் ஃபிளாஷ் எரியும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். காற்றில் ஆடும் இலை அதற்குள் நகரவே முடியாது. மூச்சு நடுக்கமும் உறைந்துவிடும். வெளிச்சமும் ஆழமும் கூர்மையும் ஒரே நேரத்தில் கிடைப்பதற்குச் சிலந்திக்கு இல்லாத இந்த வழி நமக்கு உண்டு. ஆனால் ஃபிளாஷ் நேராக விழுந்தால் வண்டின் மெழுகு பூசிய ஓட்டில் ஒரு வெள்ளைப் பொட்டும், மற்ற இடமெல்லாம் கறுப்புமாக வரும். அதனால் முன்னால் ஒரு டிஃப்யூசர் வைக்கிறார்கள். டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளைப் பஞ்சுத்தாள் போதும். அரை சாண் அகலத் தாள் இரண்டு அங்குலத் தூரத்தில் வளைந்து நின்றால், அந்தச் சிலந்திக்கு அதுவே பாதி வானம். வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் விழும், ஓட்டின் நிறம் தெரியும்.

இரவுப் படங்களின் பின்னணி ஏன் கறுப்பு என்று பலர் கேட்பதுண்டு. விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்று. சிலந்தி இரண்டு அங்குலத்தில் இருந்து, பின்னால் உள்ள தேயிலைச் செடி இருபது அங்குலத்தில் இருந்தால், செடிக்கு நூறில் ஒரு பங்கே போய்ச் சேரும். பின்னாலும் பச்சை வேண்டுமென்றால், சிலந்திக்குப் பின்னே நெருக்கமாக ஓர் இலை இருக்கும் கோணத்தைத் தேட வேண்டும்.

வராந்தா விளக்குக்கு அந்துப்பூச்சி வந்து விழுவது ஏன் என்ற பழைய புதிருக்கும் 2024 ஜனவரியில் ஒரு நல்ல விடை கிடைத்தது. நிலவு என்று நினைத்து வருகிறது, வெப்பத்தைத் தேடி வருகிறது என்றெல்லாம் சொல்லிவந்தோம். சாமுவேல் ஃபேபியன், இந்தியரான யஷ் சோந்தி ஆகியோர் அடங்கிய குழு லண்டனிலும் கோஸ்டரிகாவிலும் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தது. பூச்சிகள் விளக்கை நோக்கிப் பறக்கவில்லை, விளக்குக்கு முதுகைக் காட்டிப் பறந்தன. இருட்டிலும் தரையைவிட வானம் வெளிச்சமானது. முதுகு வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் தலை நேராக இருக்கிறது என்று பொருள். பூச்சி பல கோடி ஆண்டுகளாக நம்பிவந்த விதி இது. பக்கவாட்டில் ஒரு பல்பு வந்ததும் அது பக்கவாட்டில் சாய்கிறது, சாய்ந்தால் வளைகிறது, வளைந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. பல்புக்கு நேர்மேலே வந்தால் மல்லாக்கப் புரண்டு விழுகிறது. சோதித்தும் பார்த்தார்கள். தலைக்கு மேலே வெள்ளைத் துணி விரித்து அதை ஒளியூட்டியபோது பூச்சிகள் தடுமாறாமல் கடந்து போயின. அரளிச் செடியில் புழுவாக வளரும் அரளி அந்துப்பூச்சி இந்த விதிக்கு விலக்காக இருந்தது, விளக்குக்கு மேலே அது புரளாமல் பறந்தது. ஏன் என்பது அடுத்த கேள்வி. படம் எடுப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவது. விடியும்வரை எரிந்தால், சுவரில் சிக்கியவை காலையில் பறவைக்கு இரையாகும். தேடும்போது சிவப்பு விளக்கு நல்லது, பெரும்பாலான பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது.

நீலகிரி அந்துப்பூச்சிகளுக்கு நூலெழுதியவர் ஒரு தேயிலைத் தோட்டக்காரர். ஜார்ஜ் ஹாம்ப்சன் இங்கிலாந்திலிருந்து தேயிலை பயிரிட இந்த மலைக்கு வந்தார், பூச்சிகளில் மனம் போயிற்று. திரும்பிப் போய்ப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை செய்தார். 1891-இல் நீலகிரி மாவட்டத்தின் அந்துப்பூச்சிகள் பற்றிய தொகுதியும், 1892 முதல் 1896 வரை இந்தியா முழுமைக்குமான நான்கு தொகுதிகளும் எழுதினார். குண்டூசி குத்திச் சிறகு விரித்த மாதிரிகளே அவருக்கு ஆதாரம். சிறகை எப்படி மடித்து உட்காரும், எந்த நேரத்தில் வரும், எந்த இலையை ஒத்திருக்கும் என்பதெல்லாம் குண்டூசி மாதிரியில் இருக்காது. இன்று ஒருவர் தன் வராந்தாவில் எடுக்கும் படம் அந்த இடைவெளியை நிரப்புகிறது, இடமும் தேதியும் நேரமும் கடல்மட்ட உயரமும் குறித்திருந்தால். ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். இந்த நானூறு மீட்டருக்குள்ளேயே பூச்சிகள் மாறிவிடும்.

இதற்காகக் காட்டுக்குள் போக வேண்டாம், போகவும் கூடாது. இரவில் கரடியும் காட்டெருமையும் சிறுத்தையும் எஸ்டேட் பாதையில் நடமாடும் ஊர் இது. கண்ணை லென்ஸில் வைத்தவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. வேலியும் பூந்தொட்டியும் குளியலறை ஜன்னலும் போதும். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கிப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். அது உயிரை வதைப்பது, கிடைக்கும் படத்தில் அதன் இயல்பும் இருக்காது. சிலந்திக்கு நேர்முகமாக ஒரு படம், மேலிருந்து ஒன்று, முடிந்தால் வயிற்றுப்பக்கம் ஒன்று எடுங்கள். கண்கள் அமைந்திருக்கும் விதத்தை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம், அதனால் முகப்படம் முக்கியம். இனத்தைத் துல்லியமாகச் சொல்லப் பெரும்பாலும் நுண்ணோக்கி வேண்டும்.

வலையைத் தனியாகவும் எடுங்கள், இரவிலேயே. வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல, சில்வர் ஓக் மரத்துக்கும் தேயிலைச் செடிக்கும் நடுவே இருட்டியபின் கட்டி, விடிவதற்குள் பிரித்துத் தின்றுவிடும். தின்ற நூல் வீணாவதில்லை. 1971-இல் டேவிட் பீக்கால் நூல் புரதத்தில் கதிரியக்க அடையாளம் வைத்துப் பார்த்தார், அரை மணி நேரத்தில் அது புது வலையின் நூலில் வந்துவிட்டது. வலையைப் படம் எடுக்க ஃபிளாஷைப் பக்கவாட்டில் வையுங்கள். நூல் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு கனமே உள்ளது, முன்னே சொன்ன விளிம்பு விளைவின் வட்டத்தைவிட மெலிது. அதன் உண்மையான தடிமன் படத்தில் விழாது, ஆனால் பக்க ஒளியை அது சிதறடிப்பதால் கோடாகத் தெரியும்.

ட்யூபிங்கனில் ஹான்ஸ் பீட்டர்ஸ் என்ற விலங்கியலாளர் வலை பின்னுவதைப் படமெடுக்க ஒவ்வொரு நாளும் பின்னிரவு இரண்டு மணிக்கு எழ வேண்டியிருந்தது. நேரத்தைத் தள்ளிப்போட மருந்து ஏதாவது உண்டா என்று 1948-இல் மருந்தியலாளர் பீட்டர் விட்டைக் கேட்டார். விட் கொடுத்த மருந்தில் சிலந்தி நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வலையின் வடிவம்தான் மாறியது. அதிலிருந்து பல ஆண்டு ஆய்வு பிறந்தது. எந்த மருந்து நரம்பை எப்படிக் குலைக்கிறது என்பதை விட், வலைகளின் ஒளிப்படங்களிலிருந்தே அளந்தார்: எத்தனை ஆரங்கள், இடையில் என்ன கோணம், சுருள் நூல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி. நம் வேலியில் உள்ள வலையிலும் இதே அளவுகளை எடுக்கலாம். கேமராவை வலைக்கு நேர் எதிரே, சாயாமல் பிடித்து, வலையின் தளத்திலேயே ஒரு ஸ்கேல் தெரியும்படி எடுத்தால் போதும்.